ஒப்படைத்த வண்டி

ஓடாத வண்டியைக் கண்டால் எனக்கு ஆகாது. வேலைக்காலம் முழுக்க ஆரணிக்கும் வந்தவாசிக்கும் நடுவே பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன் நான். வண்டி என்றால் ஆளை ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும், நடுவில் கண்டக்டர் கொஞ்சம் திட்டு வாங்க வேண்டும். அப்படிப்பட்டவனுக்கு, ஆளே ஏறாத ஒரு காரைக் கட்டிக் காப்பதையே பிழைப்பாக வைத்திருந்த மாமியார் வாய்த்தார். அந்தக் காரை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் யார் மேல் கோபம் என்பது நடுவில் மாறிப்போய்விட்டது.

அது என்ன கார் என்று பேரைச் சொன்னால் இந்தக் காலத்துப் பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அதனாலேயே சொல்லமாட்டேன். கறுப்பு நிறம், உருண்டை விளக்கு, ஏறி இறங்கப் பக்கவாட்டில் ஒரு படி, உள்ளே சிவப்புத் தோல் சீட்டு. பட்டு வியாபாரம் கொழித்த நாளில் என் மனைவியின் தாத்தா வாங்கியது. பாகம் பிரித்தபோது பெரிய மகனான என் மாமனாருக்கு வீடு வந்தது. சின்ன மகனுக்குக் கடைச் சரக்கும் காரும் போயிற்று. சின்னவர் சரக்கை மூட்டை கட்டிக்கொண்டு பெங்களூரில் கடை போட்டார். காரை நிறுத்த அங்கே இடமில்லை. "அண்ணி, உங்ககிட்ட ஒப்படைச்சிட்டுப் போறேன், பாத்துக்கோங்க" என்று சாவியை என் மாமியார் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதை அண்ணன் கையில் கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. என் மாமனார் மறுநாளே வண்டியை எடுத்துக்கொண்டு சினிமாவுக்குப் போயிருப்பார். அவரும் அதற்கப்புறம் அதிக நாள் இருக்கவில்லை.

நான் தெள்ளாரிலிருந்து வந்த மாப்பிள்ளை. கல்யாணம் நடந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். தரகர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பெண்ணைப் பற்றிக் கொஞ்சமும் காரைப் பற்றி நிறையவும் பேசினார். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு அந்தக் காரில்தான் என்று எங்கள் பக்கத்து ஜனத்துக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. பெண்ணுக்கும் அதே ஆசை. சின்ன வயசிலிருந்து ஷெட்டில் பார்த்துக்கொண்டிருந்த காரில், தாலி கட்டிய கையோடு புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக்கு வர வேண்டும். அம்மாவிடம் அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

அத்தை முடியாது என்று சொல்லிவிட்டார். என் தாய்மாமன் மண்டபத்து வாசலில் நின்று குதித்தார்.

"வூட்ல கார வச்சிகினு மாப்பிள்ளைய ஜீப்புல ஏத்துறீங்களே, இது இன்னா மரியாதைங்க?"

அத்தை பெண்வீட்டுக்காரர்களுக்கு உரிய பணிவெல்லாம் காட்டவில்லை. அவர் முகத்தை நேராகப் பார்த்தார். "அது எங்க பொருள் இல்லீங்க. எங்க கொழுந்தனாரு ஒப்படைச்சது. எடுத்துக்கவான்னு கேட்டுக் கடுதாசி போட்டேன், பதில் வர்ல. எடுத்துக்கன்னு ஒடயவரு வாயத் தொறந்து சொல்லாத பொருள நான் எப்படி எடுக்கறது?"

உடையவர் கல்யாணத்துக்கும் வரவில்லை. முகூர்த்த நாளில் பட்டுக்கடையை விட்டுவிட்டு எப்படி வருவது என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார். நான் ரைஸ் மில்காரர் ஒருவரின் ஜீப்பில், தவிட்டு வாசனையோடு ஊர்வலம் போனேன். மறுநாள் என் மனைவியும் அதே ஜீப்பில் வந்தாள். வழியெல்லாம் அழுதாள். அப்பா இல்லாத குறையை நினைத்து அழுகிறாள் என்று எல்லாரும் தேற்றினார்கள். எனக்கு மட்டும் அவள் காதோடு காரணத்தைச் சொன்னாள். புருஷனிடம் அவள் சொன்ன முதல் ரகசியம் அதுதான்.

கல்யாணத்துக்குப் பிறகு ஆரணியிலேயே, அத்தை வீட்டுக்கு அடுத்த தெருவில் குடித்தனம் வைத்தோம். என் மனைவி அம்மா வீட்டுக்கு நித்தம் போவாள், ஷெட் பக்கம் மட்டும் போகமாட்டாள். எனக்கும் மாமியார் மேல் கடுப்புதான். வறட்டுப் பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். அவர் பிறந்த வீட்டுச் சங்கதி தெரியும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தை பிறந்தது முள்ளிப்பட்டில், கூலிக்கு நெய்கிற வீட்டில். அங்கே முதலாளி பட்டையும் ஜரிகையையும் நிறுத்துக் கொடுப்பார். சேலை முடிந்ததும் நிறுத்து வாங்குவார். சேலையின் எடையோடு அறுந்த நூல், வெட்டிப்போட்ட ஜரிகை எல்லாவற்றின் எடையையும் கூட்டினால், கொடுத்த எடை வர வேண்டும். அதனால் அந்த வீடுகளில் குப்பை என்று எதையும் தூக்கிப் போட முடியாது. தரையில் விழுந்த பிசிறைக்கூடப் பெருக்கி எடுத்து ஒரு பையில் சேர்த்து, சேலையோடு சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். ஒருமுறை அத்தையின் அப்பா கொண்டுபோன சேலையில் ஜரிகை குறைகிறது என்று முதலாளி நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டாராம். வீட்டில் எல்லாரும் தரையோடு தரையாகத் தேடியும் கிடைக்கவில்லை. அதற்கப்புறம் அந்த வீட்டுத் தறியில் ஏற்றப் பாவு நூல் கொடுக்க ஊரில் ஒருத்தரும் முன்வரவில்லை. அவருடைய அப்பா வயல் வேலைக்குப் போனார். அத்தை இதை எனக்கு ஒரே ஒருதரம், காரைத் துடைத்துக்கொண்டே, யாரோ அடுத்த வீட்டுக்காரர் சமாச்சாரம் போலச் சொன்னார். சொல்லி முடித்ததும் துணியைப் பிழிந்து காயப்போடச் சொன்னார்.

பட்டைக் காக்கத் தெரிந்தவளுக்குக் காரைக் காக்கத் தெரியாதா என்பது அத்தையின் எண்ணம். அதில் பாதி சரி, மீதி விபரீதம். பழைய நூல் வேட்டிகளைச் சேர்த்துத் தைத்து வண்டிக்குப் போர்வை செய்திருந்தார். நான் விவரம் தெரிந்தவனாக ஒரு பெரிய பிளாஸ்டிக் ஷீட் வாங்கிக்கொண்டு போனேன். அதை அவர் கையாலும் தொடவில்லை.

"அத்தப் போட்டா உள்ளாறயே வேர்த்துப்பூடும் மாப்பிள்ளே. பட்டுப் பொடவைய அதுல சுத்தி வச்சா ஜரிக கறுத்துப் போவும், தெரியுமில்ல? இரும்பு மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு."

சீட்டுக்கடியில் வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து வைப்பார். பெட்டியில் வைத்த பட்டுச் சேலையை ஒரே மடிப்பில் விட்டால் மடிப்போரத்தில் இற்றுப்போகும், அதனால் அவ்வப்போது எடுத்து மடிப்பை மாற்றி வைக்க வேண்டும். டயருக்கும் அதே விதி என்று அத்தை தீர்ப்பு எழுதிவிட்டார். அமாவாசைக்கு அமாவாசை என்னைக் கூப்பிட்டு வண்டியை முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் தள்ளச் சொல்வார். பஸ் நின்றுபோனால் பயணிகளை இறங்கித் தள்ளச் சொல்கிறவன் நான். வாராந்திர லீவு நாளில், ஏறி உட்காரக்கூட அனுமதியில்லாத காரைத் தள்ளிக்கொண்டு நிற்கும்போது வாய்க்குள் என்ன வந்தது என்று இங்கே எழுத முடியாது.

விபரீதம் என்று சொன்னேனே, அது கஞ்சி. பாவுக்குக் கஞ்சி போட்டால் நூல் விறைப்பேறும், தறியில் அடிபட்டாலும் அறாது. இது நெசவு வீட்டில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். ஒரு கோடையில் காரின் பெயின்ட் மங்குகிறதென்று அத்தைக்குக் கவலை வந்தது. அரிசிக் கஞ்சியைப் பதமாகக் காய்ச்சி, பாவுக்குத் தடவும் பிரஷால் வண்டி முழுக்க ஒரு பூச்சு பூசிவிட்டார். காய்ந்ததும் பளபளவென்றுதான் இருந்தது. மறுவாரம் ஆரணியில் இருக்கிற எறும்பு, கரப்பான், எலி அத்தனையும் ஷெட்டுக்குள் குடிவந்துவிட்டன. எலி பானெட்டுக்குள் புகுந்து ஒயரைக் கடித்துப் போட்டிருந்தது. பக்கத்து வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து கதவை நக்கிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் பாயை ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். அவர் விரலால் காரைச் சுரண்டி மோந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது பேஜாரு. எலிக்கு விருந்து வச்சிட்டு எலி வந்துட்ச்சுன்னு அழுவுறியே. மொதல்ல ஜல்தியா கழுவு. அப்பால பேட்டரிய கயட்டி வையி, சைலன்சர் வாயில துணிய அடச்சி வுடு. வண்டியத் தூக்கி, அச்சு கல்லு மேல நிக்கிற மாதிரி வச்சிடு. டயரு தரையில பட்டாத்தானே ஒனுக்கு மடிப்பு வுழும்?"

அத்தை பூந்திக்கொட்டையை ஊறவைத்து, பட்டுச் சேலையை அலசுவதுபோல் காரை அலசினார். வண்டி கல் மேல் ஏறியதும் என் அமாவாசை உத்தியோகம் ஒழிந்தது. ஆனால் அன்று ஒரு காரியம் பார்த்தேன். எலி கடித்துத் துப்பிய ஒயர்த் துணுக்குகளை அத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு மஞ்சள் பையில் போட்டார். எட்டிப் பார்த்தால் அதில் ஏற்கனவே செத்த பல்பு, கதவோரத்திலிருந்து இற்றுவிழுந்த ரப்பர், உதிர்ந்த பெயின்ட்டுச் செதில், கழன்ற திருகாணி எல்லாம் இருந்தன.

"எதுக்கு அத்தை இந்தக் குப்பை?"

"வண்டியில எது கொறஞ்சிதோ அது இதுல கீது. அவரு வந்து கேட்டா ரெண்டையும் சேத்துக் குடுக்கணும்ல."

வண்டியை ஊரே கேட்டது. கல்யாண வீட்டார் கேட்டார்கள், கட்சிக்காரர்கள் ஊர்வலத்துக்குக் கேட்டார்கள், கோயில் திருவிழாவுக்கு சாமி படம் வைக்கக் கேட்டார்கள். கட்சிக்காரர்கள் கொஞ்சம் மிரட்டிக்கூடப் பார்த்தார்கள். அத்தை எல்லாருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார். சாமிக்கே இல்லை என்றவர் என்று தெருவில் ஒரு பேர் அவருக்கு இருந்தது. அத்தையின் பொறுப்பு இப்படி இருக்க, பெங்களூர்க்காரர் என்ன செய்தார்? சேலை எடுக்க வருஷத்துக்கு ஒருமுறையாவது ஆரணிக்கு வருவார். அண்ணி கையால் சாப்பிடுவார். கையைத் துடைத்துக்கொண்டே "வண்டி நல்லாருக்கா அண்ணி?" என்பார். "கீதுங்க தம்பி" என்பார் அத்தை. ஷெட் பத்தடி தள்ளித்தான் இருந்தது. அந்த மனுஷன் ஒருநாளாவது எட்டிப் பார்த்ததில்லை.

ஒரு ஐப்பசி அடைமழையில் ஷெட்டின் கூரை ஒழுகியது. அத்தை சமையல்கட்டுக் கூரை மேல் போட்டிருந்த தார்ப்பாயை உருவிக் கொண்டுபோய் ஷெட் மேல் போட்டுவிட்டு, தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஒழுகுகிற அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தார். என் மனைவி அதைப் பார்த்துவிட்டாள்.

"எனுக்கு ஒருநாளு குடுக்க மனசு வர்ல. அந்த இரும்புக்கு மட்டும் நனைஞ்சிகினு கொட புடிக்கிற. நான் ஒன் வயித்துல பொறந்தேனா, அந்தக் காரு பொறந்திச்சா?"

அத்தை கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினார். "நீ என் பொருளுடி. ஒன்ன நான் எப்படி வேணா வச்சிப்பேன். அது அடுத்தவங்களது."

மகளுக்கு அந்தப் பதில் போதவில்லை. யாருக்குத்தான் போதும்? சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டாள். ரொம்ப நாள் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கார் அந்த வீட்டுக்குள் இருந்தவரை அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவே அது நின்றுகொண்டேதான் இருந்தது.

ரெண்டாயிரத்துக்குப் பிறகு பழைய கார்களுக்குத் திடீரென்று மவுசு வந்தது. அத்தையின் கொழுந்தனார் மகனுக்கு அந்த ஆசை பிடித்துக்கொண்டது. வண்டியை எடுக்க வருகிறோம் என்று போன் வந்த அன்றிலிருந்து அத்தை கல்யாண வீட்டுக்காரி மாதிரி ஆகிவிட்டார். பெயின்ட்டைத் துடைத்தார், சீட்டுக்கு எண்ணெய் தடவித் துடைத்தார், மஞ்சள் பையை ஒட்டடை தட்டி வைத்தார். இத்தனை காலம் தூக்கிச் சுமந்ததை முழுசாகக் கொடுத்துவிட்டு, நல்லபடியாக ஒப்படைத்தாள் என்ற ஒரு வார்த்தையை வாங்கிக்கொள்ள வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அவர் அப்பாவுக்குக் கிடைக்காத வார்த்தை அது.

லாரியோடு வந்தார்கள். என் மனைவியின் பெங்களூர்ச் சித்தப்பா, அவர் மகன், கூட ஒரு டிரைவர். வேட்டிப் போர்வையை உருவியதும் பையன் வாயைப் பிளந்தான். போட்டோ எடுத்துத் தள்ளினான். சித்தப்பா வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "அட, அப்படியே இருக்கே அண்ணி" என்றார். அத்தை முகம் மலர்ந்து நான் பார்த்தது அன்றுதான். மஞ்சள் பையை நீட்டினார். சித்தப்பா உள்ளே பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது எதுக்கு அண்ணி? குப்பையில போட்டிருக்கலாமே."

என் மனைவியால் பொறுக்க முடியவில்லை. "என் கல்யாணத்துக்கு இந்தக் காரக் கேட்டேன் சித்தப்பா. உங்களக் கேக்காம தரமாட்டேன்னுட்டாங்க அம்மா."

"எடுத்துக்கிட்டிருக்கலாமேம்மா. நான் வேணாம்னா சொல்லப்போறேன்? சும்மா கிடந்த வண்டிதானே."

"கடுதாசி போட்டேனே தம்பி" என்றார் அத்தை.

"வந்துச்சு அண்ணி. கடை வேலையில பதில் போட முடியல."

எவ்வளவு லேசாகச் சொன்னார் தெரியுமா? ஒரு கார்டில் 'சரி' என்று எழுதிப் போட நேரமில்லாத மனுஷன், எங்கள் மூணு பேர் முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். சும்மா கிடந்ததாம். நனைந்தது யார், தள்ளியது யார், எலியோடு மல்லுக்கட்டியது யார்? நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் டிரைவர் பின்டிக்கியிலிருந்து டூல் பையை எடுத்து விரித்துப் பார்த்தான். சித்தப்பாவும் குனிந்து பார்த்தார்.

"அண்ணி, இதுல ஒரு ஸ்பேனர் குறையுதே. வண்டியோட வந்த செட்டு. யாருக்காவது எடுத்துக் குடுத்தீங்களா, இல்ல..."

இல்ல என்பதோடு நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் சட்டைக் கையை மடித்துவிட்டேன். "இன்னா பாக்கறீங்க? எவனோட ஸ்பேனரு எவனுக்கு வேணும்?" என்று நான் கத்தத் தொடங்கியதும் அத்தை கையை உயர்த்தி என்னை அடக்கினார். உள்ளே போனார். தன் டிரங்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து சித்தப்பாவின் காலடியில் திறந்தார். சேலை, மாமனாரின் சட்டை, பழைய போட்டோ என்று ஒவ்வொன்றாக எடுத்து உதறி வெளியே வைத்தார்.

"பாத்துடுங்க தம்பி."

"ஐயோ அண்ணி, நான் அப்படியா சொன்னேன்?"

"சொல்லல. பாத்துடுங்க."

அப்போது என் மனைவி ஒரு காரியம் செய்தாள். அம்மாவோடு அத்தனை வருஷம் மல்லுக்கு நின்றவள், விடுவிடுவென்று சமையல்கட்டுக்குப் போய் அரிசி டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் கவிழ்த்தாள். "அரிசிக்குள்ளயும் இருக்கும் சித்தப்பா. கைய வுட்டுப் பாருங்க. எங்கம்மா திருடி இல்லன்னு பாத்துட்டே போங்க." தரையெல்லாம் அரிசி. சித்தப்பா எங்கே மிதிப்பது என்று தெரியாமல் ஓரமாக நடந்து வெளியே போனார். லாரியில் வண்டியை ஏற்றி, தார்ப்பாய் கட்டி, சாப்பிடாமலேயே கிளம்பினார்கள். நல்லபடியாக ஒப்படைத்தாள் என்று யாரும் சொல்லவில்லை. மஞ்சள் பை வாசலிலேயே கிடந்தது.

மறுநாளிலிருந்து அத்தை ஷெட்டைத் தோண்டத் தொடங்கினார். கல்லையெல்லாம் புரட்டினார். மண்ணை அள்ளி சல்லடையில் சலித்தார். போதும் விடுங்கள் என்று நான் சொன்னதற்கு, "எங்கியாவது வுழுந்திருக்கும் மாப்பிள்ளே, இரும்பு எங்க போயிடும்" என்றார். சாப்பாட்டுக்கு நேரத்தில் வரமாட்டார். எவனோ ஒருவனுடைய ஸ்பேனருக்காக ஒரு பெரிய மனுஷி கை நகமெல்லாம் மண்ணாக உட்கார்ந்திருந்தார்.

இப்படியே சில வாரம் ஓடியது. ஒருநாள் என் பஸ்ஸில் அதே டிரைவர் ஏறினான், கடைக்குச் சேலைக்கட்டு வாங்க வந்தவன். டிக்கெட் கிழிக்கிற கையோடு ஸ்பேனரைப் பற்றிக் கேட்டேன்.

"அதுவா சார்? அன்னிக்கே கெடச்சிடுச்சே. வேலூர்ல டீ குடிக்க நிறுத்துனப்ப கார் டிக்கியில இருந்த ஸ்டெப்னியத் தூக்குனேன், அடியில இருந்துச்சு. மொதலாளிகிட்டதான் குடுத்தேன்."

அன்றைக்கே. வேலூரிலேயே. வந்தவாசியில் இறங்கிய உடனே ஒரு டெலிபோன் பூத்தில் நுழைந்து பெங்களூருக்குப் போட்டேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அட, அத விடு மாப்ளே. ஒரு ஸ்பேனர்தானே" என்றார். என் வாழ்க்கையில் பஸ்ஸுக்குள் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன். அந்த ஆளை மட்டும் திட்டாமலே போனை வைத்துவிட்டேன்.

சாயங்காலம் டூட்டி முடிந்ததும் நேராக அத்தை வீட்டுக்குப் போனேன். என் மனைவியும் அங்கேதான் இருந்தாள். ஷெட்டில் சலித்துக்கொண்டிருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். மனசு ஆறிவிடும் என்று நினைத்தேன். அத்தை சல்லடையைக் கீழே வைத்தார். கார் நின்ற இடத்தைப் பார்த்தார். பிறகு மகளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஒன் கல்யாணத்துக்கு அத்த எடுத்திருக்கலாம்டி. கேட்டது ஒண்ணே ஒண்ணு. நான்தான் தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சிடு" என்றார்.

காரை எடுத்துப் போனது, பையைக் குப்பை என்றது, ஸ்பேனருக்காக என்னைப் பார்த்தது, இதெல்லாம் போகட்டும். அந்த ஆளிடம் என்னால் மன்னிக்க முடியாதது இதுதான். ஒரு தப்பும் செய்யாதவரை, நேர்மையாக இருந்த பாவத்துக்காகப் பெற்ற மகளிடம் மன்னிப்புக் கேட்க வைத்துவிட்டார்.

என் மனைவி அம்மாவின் மண் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "இல்லம்மா. நீ செஞ்சதுதான் சரி. நான்தான் புரியாம பேசிகினு இருந்தேன்" என்றாள். சமாதானத்துக்குச் சொன்னதில்லை, மனசாரச் சொன்னாள். அதற்கப்புறமும் எத்தனையோ தடவை அதையே சொல்லிப் பார்த்தாள். நானும் சொன்னேன்.

அத்தை கடைசிவரைக்கும் நம்பவில்லை.